விழுந்த பல்லை எதில் வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சிறுவன் ஓடும்போது தடுக்கி விழுகிறான். மேல்தாடையின் முன்பல் வேரோடு வெளியே வந்துவிடுகிறது. சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? பல்லைத் தேடி எடுத்து, மண் போகத் தேய்த்துக் கழுவி, கைக்குட்டையிலோ காகிதத்திலோ பத்திரமாக மடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைகிறார்கள். அக்கறையோடு செய்கிற காரியம்தான். ஆனால் ஒரு பல் மருத்துவனாக எனக்கு மிகுந்த வேதனை தருவது அந்த மடித்த கைக்குட்டைதான். காப்பாற்றியிருக்கக் கூடிய பல் வழியிலேயே காய்ந்து செத்துவிடுகிறது.

கல்லைப் போல் இருப்பதால் பல்லுக்கு உயிர் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். பல்லின் வேரையும் தாடை எலும்பையும் மெல்லிய நார்கள் இணைக்கின்றன. பல் பிடுங்கப்படும்போது அந்த நார்கள் அறுந்து, ஒரு பகுதி எலும்புக்குழியிலும் மறு பகுதி வேரின் மேலும் தங்குகின்றன. வேரில் தங்கிய பகுதியில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை உயிரோடு இருக்கும்போதே பல்லைக் குழியில் வைத்தால், அறுந்தவை மீண்டும் கூடும். அவை இறந்துவிட்டால் எலும்பு நேராக வேரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உடல் அந்த வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அந்த இடத்தில் எலும்பை உருவாக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாடை வளரும், ஒட்டிப்போன பல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அது மற்ற பற்களைவிடக் குட்டையாகத் தெரியும்.

வெளிக்காற்றில் உலர்ந்து கிடந்தால், 30 நிமிடங்களில் அந்தச் செல்களில் பெரும்பாலானவை பிழைக்கும் நிலையை இழந்துவிடுகின்றன. 60 நிமிடங்கள் கடந்தால் அவை பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. அதனால்தான், மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்பதற்கு முன்னால், பல் இப்போது எதில் இருக்கிறது என்று கேட்கிறேன்.

பல்லுக்கு மிகச் சிறந்த இடம் அது விழுந்த குழியேதான். வேரைத் தொடாமல், வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சலைன் என்ற மருத்துவ உப்புநீரிலோ மெதுவாக அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் சில நொடிகள் காட்டினால் போதும், தேய்க்கவே வேண்டாம். பிறகு சரியான பக்கம் திருப்பி, குழிக்குள் மெதுவாக அழுத்தி வைத்து, சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லிப் புறப்படுங்கள். அச்சம் வரத்தான் செய்யும், ஆனால் இதைவிடப் பெரிய உதவியை அந்தப் பல்லுக்கு யாரும் செய்ய முடியாது.

அடிபட்டவர் மயங்கிக் கிடந்தாலோ, வேறு பெரிய காயம் இருந்தாலோ, வலியில் குழந்தை வாயைத் திறக்கவே மறுத்தாலோ அதற்கு வழியில்லை. அப்போது பாலைத் தேடுங்கள். குளிர்ந்த, சர்க்கரை சேர்க்காத சாதாரணப் பால். அதன் உப்புச் செறிவு நம் உடல் திரவத்தின் செறிவுக்கு நெருக்கமானது, அமிலத்தன்மையும் குறைவு. எனவே செல்கள் ஊதி வெடிப்பதும் இல்லை, சுருங்கிப்போவதும் இல்லை. பால் அவற்றைக் குணப்படுத்தாது, சில மணி நேரம் தாங்கிப் பிடிக்கும். 1980களின் தொடக்கத்திலேயே சுவீடனைச் சேர்ந்த லெய்ஃப் புளோம்லோஃப் இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். இத்தனை காலம் ஆகியும் இது வீடுவீடாகச் சென்று சேரவில்லை என்பது என் ஆதங்கம். செல்களை வளர்க்க ஆய்வகங்களில் பயன்படும் ஹேங்க்ஸ் உப்புக் கரைசல் பாலைவிட மேலானது. ஆனால் விபத்து நடந்த இடத்தில் அது கையில் இருப்பது அரிது.

பாலும் இல்லையா? அடிபட்டவரின் உமிழ்நீரை ஒரு கோப்பையில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். அல்லது உணவை மூட உதவும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில், உமிழ்நீரின் ஈரத்தோடு இறுக்கமாகச் சுற்றுங்கள். கன்னத்துக்குள் அடக்கி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். விழுங்கிவிடக்கூடிய சின்னப் பிள்ளைகளிடம் அதைச் செய்யாதீர்கள். சலைன் சிறிது நேரத்துக்கு உதவும். தண்ணீரில் ஊறினால் செல்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும், ஆகவே அது கடைசி வழி. ஆனாலும் காய விடுவதைவிடத் தண்ணீர் மேல். கிருமிநாசினி, சோப்பு ஆகியவற்றைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

இவ்வளவும் நிரந்தரப் பல்லுக்கு மட்டும். விழுந்தது பால் பல் என்றால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்குக் கேடு வரலாம். எந்தப் பல் என்று தெரியவில்லையென்றால், குழியில் வைக்காமல் பாலில் போட்டு எடுத்து வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

மருத்துவர் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சுமார் இரண்டு வாரம் பிணைத்து வைப்பார். வேர் முழுமையாக வளர்ந்த பல்லுக்கு வேர் சிகிச்சையும் தேவைப்படும். மண்ணில் விழுந்த பல் என்றால் டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் கேட்பார். பல் எத்தனை மணிக்கு விழுந்தது, எவ்வளவு நேரம் உலர்ந்து கிடந்தது, எதில் வைத்தீர்கள் என்று நீங்கள் சொல்கிற விவரத்தை வைத்தே சிகிச்சை முடிவாகும். இரண்டு மணி நேரம் காகிதத்தில் கிடந்த பல்லாக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். அது நெடுங்காலம் நிலைக்காமல் போகலாம். ஆனால் பிள்ளை வளரும்வரை அந்த இடத்தையும் எலும்பையும் காத்துக் கொடுக்கும்.