ஆறு கடந்த பிறகு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்தக் கூடத்தை வாடகையின்றித் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஆசிரியர் ஐயா அவர்களே, ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் துறைமுகத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தும் ஸ்பெயினும் 1588இல் மோதிய கடற்போரைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். கப்பல், பீரங்கி, காற்று என்று மூன்றையும் சொல்கிறேன். அதற்கு முன் தோணிக்காரரான என் தாத்தா அடிக்கடி சொன்ன பழமொழி: "ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ." இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் சுமார் 130 கப்பல்களை லிஸ்பனிலிருந்து அனுப்பினார். நெருங்கி வந்து, எதிரிக் கப்பலில் ஏறி வாளால் வெட்டுவது ஸ்பானியர் வழக்கம். ஆங்கிலேயர் எட்ட நின்றே சுட்டார்கள். அவர்களுடைய கடற்படைப் பொருளாளர் ஜான் ஹாக்கின்ஸ் மேற்கட்டுகளைத் தாழ்த்தி, உடலை நீட்டிக் கட்டிய கப்பல்கள் சட்டென்று திரும்பும்.

சரி, பிரான்ஸ் கரையிலுள்ள கலே துறைக்கு வருவோம். ஆகஸ்ட் 7 இரவு. ஸ்பானியக் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டிருக்கின்றன. காற்றும் நீரோட்டமும் அவர்களை நோக்கி. ஆங்கிலேயர் எட்டுக் கப்பல்களில் தாரும் விறகும் அடைத்தார்கள். ஆங்கிலத் துணைத் தளபதி டிரேக் தன் சொந்தக் கப்பல் ஒன்றையே கொடுத்தார்! பீரங்கிகளில் குண்டும் கெட்டித்தாயிற்று. நள்ளிரவில் கொளுத்திவிட்டார்கள். இருட்டில் எட்டுக் கோபுரங்கள் எரிந்துகொண்டே மிதந்து வருகின்றன. பாயில் தீ ஏறுகிறது, சூடேறிய பீரங்கி ஆளில்லாமலே வெடிக்கிறது. மூன்று வருடம் முன் ஆண்ட்வெர்ப்பில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தது ஸ்பானியருக்கு மறக்கவில்லை. காவல் படகுக்காரர்கள் கொக்கி போட்டு இரண்டை இழுத்துப் போனார்கள், பாவம், அதற்குமேல் முடியவில்லை. கோடரியை எடு, நங்கூர வடத்தை வெட்டு! அணி சிதறியது. அந்த எட்டும் ஒரு ஸ்பானியக் கப்பலைக்கூட எரிக்கவில்லை. ஆனால் நங்கூரங்கள் கலே அடிமண்ணிலேயே தங்கிவிட்டன. மறுநாள் கிரேவ்லைன்ஸ் அருகே அடி வாங்கி, வடக்கே சுற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது, அயர்லாந்துக் கரையில் புயலடிக்க, இறக்க நல்ல நங்கூரம் இல்லாமல் பாறையில் மோதிய கப்பல்கள் பல.

ஜெயித்த ஆங்கிலேயன் கதை என்ன? 'எலிசபெத் ஜோனஸ்' என்ற கப்பலில் புறப்பட்ட 500 பேரில் 200 பேருக்கு மேல் போருக்கு முன்பே நோயில் போய்விட்டார்கள். போர் முடிந்ததும் இங்கிலாந்தின் மார்கேட் கரையில் இறங்கியவர்களுக்குச் சம்பளம் பாக்கி, படுக்க இடமில்லை. தங்க வைக்க இடமின்றி ஆட்கள் தெருவில் சாகிறார்கள் என்று தளபதி ஹோவர்ட் பிரபுவே அமைச்சர் பர்லிக்கு எழுதினார். அவரே அலைந்து தானியக் கொட்டகைகளில் இடம் பிடித்துக் கொடுத்தார். ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி! அதன் பிறகுதான் சாத்தம் நிதி வந்தது. மாலுமியின் மாதச் சம்பளத்தில் 6 பென்ஸ் பிடித்து, ஊனமுற்றவர்களுக்கு உதவினார்கள்.

இயந்திர அறையில் வேலை பார்த்த காலத்தில், காய்ச்சலோடு என்னை ஒரு வெளிநாட்டுத் துறையில் இறக்கிவிட்டார்கள். இரவு முழுக்க மரப்பெஞ்சில் கிடந்தேன். தண்ணீர் தந்தவர் கூட்டுகிறவர் ஒருவர்தான். அதனால்தான் கேட்கிறேன்: நம் துறையில் இறங்கும் கடலோடி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், படுத்துத் தேற பத்துக் கட்டில், ஒரு செவிலியர், சுடுதண்ணீர். இவ்வளவு போதும்.

பீரங்கியும் காற்றும் இன்னொரு நாள் ஆகட்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஐயா.