ஐஸ்க்ரீம் டப்பாவுல 16 நட்டு

வணக்கம் மக்களே. பின்னாடி சத்தம் கேக்குதா? பக்கத்து வீட்டுல புல் வெட்டுறாங்க. சனிக்கிழமை காலைல தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம சாட்ஸ்வொர்த் ஏரியாவுல அத யாராலயும் நிறுத்த முடியாது, பொறுத்துக்கோங்க.

நம்ம செவன் வண்டிய போன வீடியோவுல பாத்திருப்பீங்க. 1957ல லோட்டஸ்னு இங்கிலாந்து கார் கம்பெனி விட்டாங்களே, கதவு இல்லாம, தவளை மாதிரி ரெண்டு லைட்டு துருத்திக்கிட்டு, அந்த மாடல். இங்க டர்பன் பக்கத்துல பைன்டவுன்லயே பர்கின்னு ஒரு கம்பெனி இந்த மாதிரி கட்டினாங்க. நம்மது அது இல்ல, யாரோ ஒருத்தர் வீட்டு கராஜ்ல கட்டினது. பின் ஆக்ஸில் நிசான் 1400 பக்கிலேர்ந்து எடுத்தது. பக்கின்னதும் யாரையோ திட்டுறேன்னு நினைக்காதீங்க, இந்த ஊர்ல பிக்கப்புக்கு அதான் பேரு.

இன்னிக்கு வீல் நட்டு. "நட்டுக்கு ஒரு வீடியோவாடா"ன்னு என் வீட்டுக்காரியே கேட்டா. இதப் பாருங்க... கேமரா கிட்ட காட்டுறேன், ஃபோகஸ் ஆகட்டும். ரெண்டு நட்டு. ரெண்டும் குரோம், ரெண்டுக்கும் 19 மில்லி சாக்கெட்தான். வித்தியாசம் தெரியுதா? எனக்கும் தெரியல. வண்டி வாங்கறப்ப 16 நட்டையும் ஒரே ஐஸ்க்ரீம் டப்பாவுல போட்டுக் குடுத்தாங்க. நானும் கைக்கு வந்தத எடுத்து மாட்டினேன். கையாலயே சரசரன்னு ஏறிச்சு. சந்தோஷமா டார்க் ரெஞ்ச் போட்டேன், எவ்வளவு இறுக்கணும்னு செட் பண்ணி வைக்கிற ஸ்பானர் அது. அந்த அளவு வந்ததும் "டிக்"னு சத்தம் வரணும்ல? வரல. இன்னும் கால் சுத்து, இன்னும் கால் சுத்து... அப்புறம் வெண்ணெய்ல கரண்டி சுத்துற மாதிரி ஆயிடுச்சு. கழட்டிப் பாத்தா நட்டுக்குள்ள மரை மொத்தமும் சுருளா வழிஞ்சு வந்துச்சு. மரை கழண்டவன்னு நம்ம ஊர்ல சொல்லுவோமே, அன்னிக்கு நட்டும் நானும் ஒரே நிலைமை.

என்னன்னா, பின்னாடி நிசான் ஸ்டட், அதாவது நட்டு ஏறுற மரைக் கம்பி, 12 மில்லி தடிமன். பிச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, 1.25. முன்னாடி வீல் மாட்டுற ஹப்புல பழைய ஓனர் அரை இஞ்ச் யு.என்.எஃப். ஸ்டட் போட்டிருக்காரு, இஞ்ச் கணக்குல நெருக்கமான மரை அது. அது 12.7 மில்லி, இஞ்சுக்கு 20 மரை, அதாவது பிச் 1.27. பிச்சுல வித்தியாசம் வெறும் 0.02 மில்லி! அதனால அரை இஞ்ச் நட்டு 12 மில்லி ஸ்டட்டுல ஜம்முன்னு ஏறும், ஆனா மரையோட நுனி மட்டும்தான் கவ்வும். 12 மில்லி நட்டு அரை இஞ்ச் ஸ்டட்டுல ஏறவே ஏறாது, அந்தப் பக்கம் பயமில்ல. வேற யாராவது இத பாதி டைட்டுல விட்டுட்டு ஹைவேல ஏறியிருந்தா? எனக்கு நினைச்சாலே குளிருது. நட்ட ஸ்டட்டுல ஏத்தி ஆட்டிப் பாருங்க, நட்டு லொடலொடன்னு ஆடினா நம்பாதீங்க. தடிமன் அளக்க வெர்னியர், மரை இடைவெளி பாக்க பிச் கேஜ், ரெண்டும் கையில இருக்கட்டும்.

அடுத்தது நட்டு உக்கார்ற இடம். கடையில வாங்குற மேக்ஸ் வீலுக்குப், அதாவது அலாய் வீலுக்குப், பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் கம்பெனி வீலுக்கு உருண்டை. டொயோட்டாவோட பழைய அலாய் நிறையது வாஷர் வச்சு தட்டையா உக்காரும். உருண்டைக் குழில கூம்ப வச்சா ஒரு மெல்லிசான வளையத்துலதான் தொடும். சந்தேகமா இருந்தா நட்டு முகத்துல மார்க்கர் தடவி, இறுக்கிக் கழட்டிப் பாருங்க. மை அகலமா அழிஞ்சிருந்தா சரி. கோடு மாதிரி அழிஞ்சிருந்தா அந்த நட்ட டப்பாவுலயே போடுங்க. வீல புடிக்கிறது நட்டோட அழுத்தம்தான், ஸ்டட் மேல வீல் தொங்கிட்டு இருக்கல. அழுத்தம் போச்சுன்னா ஸ்டட் வளைஞ்சு வளைஞ்சு ஒடையும்.

எத்தன சுத்து ஏறணும்? ஸ்டட் எவ்வளவு தடிமனோ, குறைஞ்சது அவ்வளவு மரை உள்ள போகணும். 12 மில்லி, 1.5 பிச்சுன்னா 8 சுத்து. அரை இஞ்சுன்னா 10. இரும்பு ரிம்ம எடுத்துட்டு அலாய் போட்டாலோ வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல ஸ்பேசர் தட்டு வச்சாலோ இது கொறைஞ்சிடும். சரின்னு நீளமான ஸ்டட் போட்டா வேற தலைவலி. மூடி வச்ச நட்டுன்னா ஸ்டட் முனை மூடில போய் முட்டும். ரெஞ்ச் "டிக்"குன்னு சொல்லும், வீல் ஆடிட்டே இருக்கும். அதான் நான் திறந்த நட்டுதான் போடுவேன். அழகு கொஞ்சம் கம்மி, கடல் காத்துல துருவும் சீக்கிரம் புடிக்கும், பரவால்ல.

நான் என்ன பண்ணேன்னா, நாலு வீலையும் அரை இஞ்சுக்கு மாத்திட்டேன். பின் ஆக்ஸில் முனையில வீல் உக்கார்ற தட்டுல, அதான் ஃப்ளாஞ்சு, ஓட்டைய லேத்துல குடுத்து அளவாப் பெருசு பண்ணி, ஸ்டட்ட ப்ரெஸ்ல ஏத்தினோம். ஸ்டட் கழுத்துல பல்லு பல்லா இருக்கு பாருங்க, அதோட விட்டமும் ஓட்டையும் பொருந்தணும். சுத்தியால அடிக்காதீங்க. ஸ்டட் தலையில 10.9ன்னு இருக்கான்னும் பாருங்க, அது எவ்வளவு வலுவான இரும்புன்னு காட்டுற நம்பர். ஹார்டுவேர் கடை போல்ட்டு வேணாம். பளபளன்னு இருக்குன்னு ஸ்டெயின்லெஸும் வேணாம், இறுக்கும்போது மரை ஒன்னோடொன்னு கடிச்சுக்கும்.

மரைக்கு கிரீஸ் போடாதீங்க. போட்டா அதே டார்க்குல ஸ்டட் ரொம்ப இழுபடும். 12 மில்லிக்கு 90லேர்ந்து 110 நியூட்டன் மீட்டர் வழக்கம். என் அரை இஞ்சுக்கு 100 வச்சிருக்கேன், குறுக்கும் நெடுக்குமா இறுக்கணும்.

இப்ப ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடி ரெஞ்ச் போடப் போறேன். பின்னாடி இருந்த பழைய 12 மில்லி நட்டு எட்டையும் எதிர் வீட்டு அங்கிள் கேட்டிருக்காரு, அவர்கிட்டயும் நிசான் பக்கிதான். குடுக்கறதுக்கு முன்னாடி ஒன்னொன்னா அளந்துட்டுக் குடுக்கறேன், இருங்க, வெர்னியர எங்க வச்சேன்...