இருட்டிலும் தெரியும் கை

நேயர்களுக்கு வணக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் இப்போது வேண்டாம், இறங்கிய பிறகு செய்யுங்கள். தொட்டுவிட்டீர்களா? கண் மூடியிருந்ததே, கை எங்கே வருகிறது என்று யார் சொன்னது? பெரும்பாலும் தசைதான்.

தசை என்றால் வேலை செய்கிற உறுப்பு என்றே பழகிவிட்டோம். அது உணர்கிற உறுப்பும்கூட. தசைநார்களுக்கு நடுவே, நூல் நூற்கும் கதிர்போல நடுவில் பருத்து முனைகளில் மெலிந்த நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. சில மில்லிமீட்டர் நீளம்தான். தசைக்கதிர் என்போம். தசை இழுபட்டால் இதுவும் இழுபடும். எவ்வளவு நீண்டது, எத்தனை வேகமாக நீண்டது என்ற செய்தி உடனே நரம்பு வழியே போகும். முழங்கையை மடக்கினால் மேற்கையின் பின்பக்கத் தசை நீளும், நீட்டினால் முன்பக்கத் தசை. மூளை அதை வைத்தே கையின் இடத்தைக் கணிக்கிறது. மூட்டுகள்தான் சொல்கின்றன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஆனால் இடுப்பில் செயற்கை மூட்டு வைத்தவர்களும் கால் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்களே!

இந்த உணர்வு போனால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் இயன் வாட்டர்மேனை நினைக்காமல் என்னால் இதைப் பேசவே முடியாது. 1971-ல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் இந்த உணர்வும் போய்விட்டன. தசையில் பலம் இருந்தது, வலி தெரிந்தது, சூடு தெரிந்தது. ஆனால் கை எங்கே, கால் எங்கே என்று தெரியாது. படுத்த இடத்திலிருந்து எழுந்து உட்காரவே முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து யோசித்துச் செய்யப் பழகினார். முதல்முறை உட்கார்ந்தபோது, வந்த சந்தோஷத்தில் கவனம் சிதறி, கட்டிலிலிருந்து விழப் பார்த்தார். பிறகு நடக்கவும் கற்றார். கவனியுங்கள், கண்ணால்தான் நடந்தார். விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்துவிடுவார். அவருக்கு இருட்டில் கையும் இல்லை, காலும் இல்லை. நாம் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டே பேசுகிறோம். அவருக்கு அது முழுக் கவனம் கேட்கிற வேலை.

நேரம் முடியப்போகிறது என்று சைகை வருகிறது. பீசோ-2 என்ற புரதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இழுவிசையை நரம்புச் செய்தியாக மாற்றுவது அதுதான். பீசோ புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் சுளுக்கியவர்கள் வலி போனதும் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். வலி போனாலும் இந்த உணர்வு மந்தமாகவே இருக்கலாம், மறுபடி சுளுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒற்றைக் காலில் நிற்கிற பயிற்சியைத் தொடருங்கள். சுவரை ஒட்டி நின்று செய்யுங்கள். வணக்கம்.