மூளைக்குள் அடிக்கும் ஏர்ஹாரன்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்குகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேகாத வெயில்ல கோபியிலிருந்து வந்திருக்கிற டாக்டரம்மா அவர்களே, காசு வாங்காம மைக் செட்டு போட்ட தம்பி, முன்வரிசையில இருக்கிற விசைத்தறி நண்பர்களே, பின்னால முறுக்கு கடிக்கிற கண்ணுகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பேரூராட்சித் தலைவரம்மா வந்துட்டே இருக்காங்களாம். வந்ததும் தனியா வரவேத்துக்கலாம்.

ஆழ்மூளை இணைப்பும் மன அழுத்தமும்னு தலைப்புக் குடுத்திருக்காங்க. மூளைக்குள்ள ஆழத்துல இருக்கிற பகுதிக ஒண்ணோட ஒண்ணு சேதி பேசிக்கிற தடந்தானுங்க ஆழ்மூளை இணைப்பு. மூணு விசயம் சொல்றேனுங்க. மூளைக்குள்ள என்ன நடக்குது, ஒடம்பு என்னாகுது, வைத்தியம் என்ன.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இதுல கண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. மூளைக்குள்ள ஆழத்துல, வாதுமைக் கொட்டை அளவுல அமிக்டலானு ஒண்ணு இருக்குது. அரள்றது அதுதான். அதை ஒட்டியே ஹிப்போகாம்பஸ், பழைய நினைவெல்லாம் கோக்குற இடம். நடுவுல ஹைபோதலாமஸ். அது உத்தரவு போட்டா, பிட்யூட்டரி வழியா அட்ரீனல் சுரப்பிக்குப் போயி, ரத்தத்துல கார்ட்டிசால்ங்கிற அழுத்த ஹார்மோன் ஏறும். இத்தனையையும் அடக்கி வைக்கிறது நெத்திக்குப் பின்னால இருக்கிற முன்மூளை.

2020-ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க ஆளுங்களை ஸ்கேனுக்குள்ள படுக்க வெச்சு, உறுமுற நாய் மாதிரி படங்களைக் காட்டிப் பாத்தாங்க. ஹிப்போகாம்பஸுக்கும் ஹைபோதலாமஸுக்கும் இணைப்பு பலமா இருந்தவங்களுக்கு அழுத்தம் அதிகம். அதே ஹிப்போகாம்பஸ் முன்மூளையோட பலமா இணைஞ்சிருந்தவங்களுக்குக் கம்மி. ஒரே படம்தானுங்க, உள்ளே போற தடந்தான் வேற.

வாங்கம்மா, வணக்கமுங்க. தம்பி, தலைவரம்மாவுக்கு ஒரு சோபா போடு. நம்ம தெருவுக்குச் சாக்கடை மூடி போட்டுக் குடுத்தவங்க, ஒரு கைதட்டு!

எங்க அப்புச்சி கண்ணபுரம் மாட்டுச் சந்தையில ஒரு ஜோடி காங்கேயம் காளை புடிச்சுட்டு வந்தாருங்க. வெள்ளகோயில் தாண்டி, பின்னால ஒரு பஸ்ஸு. அடிச்சான் பாருங்க ஏர்ஹாரன்! காளை ரெண்டும் கிளுவை வேலியைப் பிச்சுட்டுக் காட்டுக்குள்ள. கவுத்தைப் புடிச்சுட்டிருந்த அப்புச்சி வேலி மேல, வேட்டி முள்ளு மேல. கண்டக்டர் எட்டிப் பாத்து, "பெரியவரே, ஏறறீங்களா?"ங்கறான்! கதை அதோட முடியலீங்க. அப்பறம் புண்ணாக்குக்காரன் சைக்கிள்ல பாம் பாம்னாலும் காளை கவுத்தை அத்துக்கும். அப்புச்சியாவது தேவலைன்னு பாத்தா, ஒரு கல்யாணத்துப் பந்தியில மைக்கு கீய்னுச்சு, மனுசன் ரசத்தோட எலையைத் தூக்கிச் சம்பந்தி மடியில போட்டுட்டாரு! அரண்டவன் கண்ணுக்கு மட்டுமில்லீங்க, காதுக்கும் பேய்தான்.

இதை ஜோசப் லெடூங்கிற விஞ்ஞானி எலிகளை வெச்சுக் காட்டியிருக்காரு. காதுல விழுற சத்தம், மூளைக்கு நடுவுல சேதி பிரிச்சு அனுப்புற தலாமஸ்லிருந்து குறுக்கு வழியில நேரா அமிக்டலாவுக்குப் போயிருது. 'அட, பஸ்ஸுதான்'னு யோசிக்கிற மூளைக்கு அப்பறந்தான் போகுது. தூக்கங் கெட்டா இன்னும் மோசம். 2007-ல வந்த ஒரு ஆராய்ச்சியில, சுமார் 35 மணி நேரம் தூங்காதவங்களுக்கு அமிக்டலா 60 சதவீதம் அதிகமாத் துள்ளுச்சு. முன்மூளையோட இணைப்பும் தளந்து போச்சு. ராத்திரி ஷிப்ட் முடிச்சுப் பகல்ல படுக்கிற மில்லுத் தொழிலாளி ஊட்டு முன்னால ஹாரன் அடிக்கிறவனுக்கு இதை யாரு சொல்றது?

ஒடம்பைப் பத்தி டாக்டரம்மா சொல்லுவாங்க. நான் வைத்தியத்துக்கு வர்றேன், ஹாரனை அடக்கறதுதானுங்க அது. 1989-ம் வருச மத்திய மோட்டார் வாகன விதி 119, பல சுருதியில அடிக்கிற ஹாரனைத் தடை பண்ணியிருக்குது. 2000-ம் வருச ஒலி மாசு விதிப்படி ஆஸ்பத்திரியைச் சுத்தி குறைஞ்சது 100 மீட்டரை அமைதி மண்டலமா அரசாங்கம் அறிவிக்கலாம். நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லயே ஆஸ்பத்திரி, அங்கதான் ஒருத்தனுக்கொருத்தன் போட்டி போட்டு அடிக்கறானுங்க.

இந்த ஹாரனை நிறுத்தச் சொல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு மனு எழுதி வாசல் மேசையில வெச்சிருக்குது. தலைவரம்மா முதல் கையெழுத்துப் போடணும்னு மேடையிலயே கேட்டுக்கறேன். பஸ் முதலாளிக ரெண்டு பேரு இங்க இருக்கீங்க, உங்களுக்கும் பேனா இருக்குதுங்க.