கோட்டை மலையும் கையில் கட்டிய கடிகாரமும்

நடுவர் அவர்களே, மாங்கனிக் கண்காட்சி பார்க்க வந்த இடத்தில் எங்கள் பேச்சையும் கேட்க உட்கார்ந்திருக்கிற கிருஷ்ணகிரி மக்களே, வணக்கம்.

கோல்ஃப் மைதானத்தில் ஸ்மார்ட்வாட்ச் துணையா, தொல்லையா? துணை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், கண்ணால் தூரம் பார்க்கிற கலை இதனால் செத்துப்போகும் என்றார். மட்டைப் பை தூக்குகிற கேடித் தம்பிகளின் பிழைப்பில் மண் விழும் என்றார்.

அண்ணே, பந்தலுக்கு வெளியே போய்க் கோட்டை மலையைப் பாருங்கள். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும். நடந்து போனால் அடிவாரம் சேர்வதற்குள் வேர்த்துக் கொட்டும். இடையில் கிடக்கிற பள்ளத்தைக் கண் கணக்கில் சேர்ப்பதில்லை. கோல்ஃபிலும் அதேதான்: நடுவில் குட்டை இருந்தால் குழியில் நட்ட கொடி கிட்டத்தில் தெரியும்.

நான் உடற்கல்வி ஆசிரியை. ஓசூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் என் தம்பி கேடி வேலை பார்க்கிறான். அவன் மூலமாகத்தான் எனக்கு இந்த ஆட்டம் பழக்கம். அங்கே ஒரு குழிக்கு முன்னால் குட்டை இருக்கிறது. 85 கெஜம் இருக்கும் என்று கண்ணால் பார்த்து ஒன்பதாம் நம்பர் மட்டையை எடுத்தேன். பந்து தண்ணீரில். மறுபடி அடித்தேன், மறுபடியும் தண்ணீரில். மூன்றாவது பந்து விழுந்த 'பொளக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மட்டையைப் பையில் போட்டுவிட்டு, நமக்கு இது வராது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது கையில் கடிகாரம் இருந்தது. செயற்கைக்கோள் சிக்னலை வைத்து அது காட்டியது மூன்று எண்: கிரீனின், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையின், முன்விளிம்பு 96, நடு 108, பின்விளிம்பு 120. என் அடியில் குற்றமில்லை, கணக்கில்தான் 20 கெஜத்துக்கு மேல் பிசகு. மட்டையின் நம்பர் குறைந்தால் பந்து கூடுதல் தூரம் போகும், அதனால் ஏழாம் நம்பர் எடுத்தேன். பந்து குட்டையைத் தாண்டிப் புல்லில் உட்கார்ந்தது.

அந்த 108 என்ற கணக்கு அதற்கு முன்பும் இருந்தது, நடுவர் அவர்களே. அங்கே இருபது வருடமாக ஆடுகிறவர்களின் மனதில் இருந்தது. புதிதாக வருகிற ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அதை யார் சொல்வார்கள்? முதல் நாள் வருகிறவருக்கும் அதே எண்ணைக் கடிகாரம் காட்டுகிறது. என் பேச்சின் உயிரே இதுதான். நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்ததால் எந்த விவசாயிக்காவது மண்ணின் குணம் மறந்துபோனதா?

ஆட்டத்தின் விதியும் இதைத்தான் சொல்கிறது. கோல்ஃபுக்கு விதி எழுதுகிற ஆர் அண்ட் ஏ-வும் யு.எஸ்.ஜி.ஏ-வும் 2019-ல் புதிய விதிகளைக் கொண்டுவந்தன. 4.3-ஆம் விதிப்படி, போட்டிக் குழு தடுக்காதவரை, கருவியால் தூரம் அளக்கலாம். மேடு பள்ளத்தை அளந்து சொல்லக்கூடாது. காற்றின் வேகத்தை அளக்கக்கூடாது. எந்த மட்டையை எடு என்று கருவி யோசனை சொல்லக்கூடாது. நாடித்துடிப்பைப் பதிந்து வைக்கலாம், ஆட்டம் நடக்கும்போது அதைப் பயன்படுத்தக்கூடாது. மீறினால், மொத்தம் எத்தனை அடி என்று எண்ணி ஆடுகிற ஸ்ட்ரோக் பிளேயில், கணக்கில் இரண்டு அடி கூட்டித் தண்டனை. மறுபடி மீறினால் போட்டியை விட்டே வெளியே. ஆண்களின் நான்கு பெரிய போட்டிகளில் முதலாவதாக 2021 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் தூரம் அளக்கும் கருவிகளை அனுமதித்தது. ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நேரத்தையும் பாருங்கள். 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்று விதி அறிவுறுத்துகிறது. புல்லுக்குள் பதித்த தண்ணீர்க் குழாய் மூடியில் தூரம் எழுதியிருக்கிறதா என்று தேடி அலைந்தால் பின்னால் வருகிறவர்கள் காத்துக் கிடக்கணும். மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க ஒரு விநாடி போதும். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பக்கத்தில் ஒருவர் குனிந்து பந்தைத் தட்டப்போகும்போது வாட்ஸ்அப் சத்தம் வந்தால் அது தொல்லைதான். ஆடப்போகும் முன் அதை அணைத்துவிட வேண்டும். நான் அணைத்துவிடுகிறேன்.

இனி கேடித் தம்பிகள். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற பெங்களூருப் பெண் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். ஒரே ஒரு அடி கூடிப்போனதால் வெண்கலம் கைநழுவியது. அங்கே அவருக்குக் கேடியாக நடந்தவர் பெற்ற தாய். அத்தனை பெரிய களத்தில் கூட நடக்கிற மனிதருக்கு எந்தக் கருவி ஈடு?

என் தம்பியிடமே கேட்டேன், "உன் வேலை போயிடுமாடா?" என்று. "அது தூரத்தைத்தான் சொல்லுதுக்கா. பந்து புல்லுல எப்படிக் கெடக்குது, கிரீன்ல எந்தப் பக்கம் ஓடும்னு நான்தானே பாக்கணும்?" என்றான். இப்போது அவனும் ஒன்று கட்டியிருக்கிறான்.

போன ஞாயிறு அதே குட்டைக்கு முன்னால் நின்றோம். கடிகாரத்தைப் பார்த்தான். "108" என்றான். கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே தூவினான். அது எங்கள் பக்கமாகவே பறந்து வந்தது. "எதிர்காத்துக்கா, ஆறாம் நம்பர் எடு" என்று மட்டையை உருவிக் கொடுத்தான்.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.