கடைசி ரிசீவருக்கு ஒரு ஆகஸ்ட் மாதம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அந்த நீள்வட்டப் பந்து ஆட்டத்தை. அதன் விதிகளுக்குள் இன்று நான் போகப்போவதில்லை. குவாட்டர்பேக் பந்தை வீசுவார், வைட் ரிசீவர் ஓடிப்போய் அதைப் பிடிப்பார். இவ்வளவு தெரிந்தால் போதும். அந்த ரிசீவர்களிலும் பேர்போனவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. கடைசி இடத்துக்கு நிற்பவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஜூலை கடைசியில் என்.எஃப்.எல்., அதாவது அந்த ஆட்டத்தின் அமெரிக்கத் தொழில்முறை லீக், அணிகளின் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஒவ்வோர் அணியிலும் 90 பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அது 53 ஆக வேண்டும். அணிக்கு 37 பேர் வெளியே. மொத்தம் 32 அணிகள். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 1,200 பேர். 2023-இலிருந்து இந்தக் கழிப்பை ஒரே கெடுவுக்குள் முடிக்கிறார்கள். முன்பெல்லாம் படிப்படியாகக் குறைப்பார்கள்.

ரிசீவர்கள் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். முகாமுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கடைசியில் வைத்துக்கொள்வது ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு. அதிலும் முதல் மூன்று நான்கு இடங்கள் முகாம் தொடங்கும் முன்பே முடிவானவை. பெரிய ஒப்பந்தம் போட்டவர், டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்று அவர்களுக்கு இடம் நிச்சயம். மீதி இரண்டு இடங்களுக்கு ஏழெட்டுப் பேர். கடைசிப் பந்தியில் இரண்டே இலை, வாசலில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மினசோட்டாவில் பல வருஷம் வேலை பார்த்தவன். அந்த மாநிலத்து அணி வைகிங்ஸ். 1966 முதல் 2017 வரை அவர்களுடைய கோடை முகாம் மன்கேட்டோ என்ற ஊரில், அங்குள்ள பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. மினியாபொலிஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் சோளக் கொல்லை. சனிக்கிழமைகளில் நான் போய்விடுவேன். கூட்டம் முழுக்க நட்சத்திரங்களின் பக்கம் இருக்கும். நான் மைதானத்தின் மறுகோடிக்குப் போய் நிற்பேன். அங்கேதான் மூன்றாம் வரிசை ஆட்கள் இருப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரே எண் போட்ட சட்டை கொடுத்திருப்பார்கள். 90 பேருக்கு எண்கள் எங்கே போதும்?

அங்கே நின்று பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மூன்றாம் வரிசை ரிசீவருக்குப் பந்து வீசுகிறவரும் மூன்றாம் வரிசை குவாட்டர்பேக்தான். அவரும் தன் இடத்துக்குத் தவிப்பவர். பந்து தலைக்கு மேலே போகும், காலடியில் விழும். ஒரு நாள் பயிற்சியில் நல்ல வாய்ப்பு என்று நாலைந்துதான் கிடைக்கும். அதில் ஒன்றைக் கைநழுவ விட்டால் அன்று இரவு பயிற்சியாளர்கள் வீடியோவில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். முதல் வரிசைக்காரர் நழுவவிட்டால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, அப்படியானால் நன்றாகப் பந்து பிடிப்பவருக்குத்தான் கடைசி இடம் என்று நினைப்பீர்கள். இல்லை. நான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். அந்த அளவுக்கு வந்த எல்லோருக்கும் பந்து பிடிக்கத் தெரியும். ஐந்தாவது ரிசீவரிடம் பயிற்சியாளர் கேட்பது “வேறு என்ன செய்வாய்?” என்பதுதான்.

ஒரு அணியால் முன்னேற முடியாதபோது பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடும். அதற்குப் பன்ட் என்று பெயர். அப்போது ஓரத்தில் நிற்கும் ஒருவர், கன்னர் என்பார்கள், நாற்பது ஐம்பது கெஜம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், பந்தை வாங்குகிறவரைச் சாய்க்க வேண்டும். பல சமயம் அவரைத் தடுக்கவென்றே இரண்டு பேர் நிற்பார்கள். அடி விழும், புகழ் கிடையாது. பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வீட்டில் டிவி பார்ப்பவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். கடைசி ரிசீவரின் வாழ்க்கை அங்கேதான் முடிவாகிறது.

மேத்யூ ஸ்லேட்டரைப் பாருங்கள். 2008-இல் ஐந்தாம் சுற்றில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்த ஆட்டக்காரர். அணிப் பட்டியலில் வைட் ரிசீவர். 16 பருவங்கள் ஆடினார். மொத்தம் எத்தனை பந்து பிடித்தார் தெரியுமா? ஒன்று. 2011-இல், 46 கெஜத்துக்கு ஒரே ஒரு பந்து. ஆனால் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌலுக்குப் பத்து முறை தேர்வானார், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை மூன்று முறை வென்ற அணிகளில் இருந்தார். அத்தனையும் அந்தக் கன்னர் ஓட்டத்துக்காக. ஒரு பந்து பிடித்த ரிசீவர் 16 பருவம் நிலைத்தார் என்பதை நான் யாரிடமும் பெருமையோடு சொல்வேன்.

வெஸ் வெல்கர் இன்னொருவர். 2004-இல் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. சான் டியேகோ சார்ஜர்ஸ் சேர்த்துக்கொண்டு, முதல் ஆட்டம் முடிந்ததும் விலக்கிவிட்டது. மயாமி எடுத்துக்கொண்டது. அதே அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் மயாமியின் வழக்கமான உதைப்பாளர் காயம்பட்டு ஆட முடியாமல் போக, இந்தச் சின்ன உருவ ரிசீவர் ஃபீல்ட் கோல் உதைத்தார், கூடுதல் புள்ளி உதைத்தார், கிக்காஃப் உதைத்தார், எதிரணி உதைத்த பந்துகளையும் வாங்கிக்கொண்டு ஓடினார். எல்லாம் ஒரே ஆட்டத்தில். பின்னாளில் ஐந்து பருவங்களில் நூறுக்கு மேல் பந்து பிடித்தவர் இவர்தான்.

ஆனால் எனக்கு நெருக்கமான கதை ஆடம் தீலனுடையது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மினசோட்டாவின் டெட்ராய்ட் லேக்ஸ் என்ற சின்ன ஊர்ப் பையன். பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. மன்கேட்டோ பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை 500 டாலர். அதைத்தான் வாங்கிக்கொண்டு படித்தார், ஆடினார். ஒவ்வொரு கோடையிலும் வைகிங்ஸ் வந்து பயிற்சி செய்தது அவருடைய கல்லூரியில். 2013-இல் டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. வைகிங்ஸ் ஒரு சோதனைப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. ஒப்பந்தம்கூட இல்லாமல் வந்து ஆடிக் காட்டி, அப்புறம்தான் ஒப்பந்தம் வாங்கினார். அந்த ஆகஸ்டில் முகாம் நடந்தது எங்கே? அதே மன்கேட்டோவில், அவர் மாணவனாக நடந்த புல்தரையில்.

நான் கோடியில் நின்று பார்த்தவர்களில் அவரும் ஒருவர். பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் பந்து வீசும் இயந்திரத்தின் முன்னால் நாலைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். அவரும் அங்கே நிற்பார். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் “அது நம்ம பையன்” என்றார். அவருக்குச் சொந்தமில்லை, ஊர்ப் பாசம்.

அந்த வருஷம் 53-இல் இடம் கிடைக்கவில்லை. விலக்கிவிட்டு, பிராக்டிஸ் ஸ்குவாடில் வைத்துக்கொண்டார்கள். அதாவது வாரமெல்லாம் அணியோடு பயிற்சி செய்யலாம், ஆட்ட நாளில் ஆட முடியாது. 2014-இல் அணிக்குள் வந்தார். ரிசீவராக அந்த ஆண்டு பிடித்தது எட்டே பந்து. ஆனால் நவம்பர் கடைசி ஞாயிறு, உறையும் குளிரில் கரோலைனா அணிக்கு எதிரான ஆட்டம். அவர்கள் பன்ட் உதைத்தபோது தீலன் பாய்ந்து அதைத் தடுத்தார். தடுத்த பந்தைத் தானே எடுத்து 30 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். பந்து பிடிக்க வந்தவர் தன் இடத்தை உறுதி செய்துகொண்டது பன்ட் தடுத்து! நான் சொன்ன “வேறு என்ன செய்வாய்” என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து அவரைத் தேடி வந்தது. 2017-இல் பந்து பிடித்து முன்னேறிய தூரம் மொத்தம் 1,276 கெஜம். 2018-இல் பருவத்தின் முதல் எட்டு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் நூறு கெஜத்தைத் தாண்டினார். பருவத்தை அப்படித் தொடங்கியவர் அதற்கு முன் யாரும் இல்லை.

நேரம் ஓடிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். விக்டர் குரூஸ் கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 2010 ஆகஸ்ட் 16, நியூயார்க் ஜயண்ட்ஸ், ஜெட்ஸ் இடையே, பருவம் தொடங்கும் முன் ஆடும் பயிற்சி ஆட்டம். யாரும் டிராஃப்ட் செய்யாத குரூஸ் அந்த ஒரே இரவில் ஆறு பந்து, 145 கெஜம், மூன்று டச்டவுன். இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே 1,536 கெஜம் எடுத்தார். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலை ஜயண்ட்ஸ் வென்றது.

இதை ஏன் அவசரமாகவாவது சொல்கிறேன் என்றால், அந்தப் பயிற்சி ஆட்டங்கள் அப்போது நான்கு. 2021-இல் பருவம் 17 ஆட்டங்களாக நீண்டதும் அவற்றை மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். முதல் வரிசைக்காரர்களுக்கு அது ஓய்வு. கடைசி ஆளுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு போயிற்று. எனக்கு இதில் இன்றுவரை மனக்குறைதான். அந்த நான்காவது ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் நல்லது.

விலக்கப்பட்டவரை மற்ற அணிகள் 24 மணி நேரத்துக்குள் கேட்டுப் பெறும் வெய்வர் முறையைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. அடுத்த ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தின் நான்காம் பகுதியைப் பார்க்க நேர்ந்தால், பன்ட் உதைக்கும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள். ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். வணக்கம்.