பெயர் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது

வணக்கம் நேயர்களே. சங்கீதப் புதிர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, எவ்வளவு நேரம் தருவீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். இந்த விஷயத்தில் என்னைப் பேசவிட்டால் நிறுத்துவது கடினம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கீத வினாவிடைப் போட்டி என்றதும் பிள்ளைகளின் முகம் சுருங்குகிறது. அதில் நியாயம் இருக்கிறது. தியாகராஜ சுவாமிகள் எந்த ஆண்டு பிறந்தார், சியாமா சாஸ்திரிகள் எந்த ஆண்டு மறைந்தார் என்றுதானே மேடையில் கேட்கிறோம்? 1767 என்று ஒரு பிள்ளை சொன்னால் கைதட்டுகிறோம். 1827 என்று இன்னொரு பிள்ளை சொன்னால் ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்து அனுப்புகிறோம். விடை தெரியாத பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். யோசிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. பாட்டின் ஒரு வரியைக் கொடுத்து, அதிலிருந்தே விடையைத் தேடி எடுக்கச் சொல்ல வேண்டும். அதைத்தான் நான் புதிர் என்பேன்.

தேடினால் கிடைக்கும். நம்முடைய வாக்கேயகாரர்கள், அதாவது பாட்டையும் மெட்டையும் தாமே அமைத்தவர்கள், பாட்டின் கடைசியில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அதற்கு முத்திரை என்று பெயர். தியாகராஜர் தம் பெயரையே வைப்பார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்பார். சியாமா சாஸ்திரிகள் அம்மனைப் பார்த்து 'சியாமகிருஷ்ண சோதரி' என்று பாடி, உறவுமுறைக்குள் தம் முத்திரையை ஒளித்துவிடுவார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பத்மநாபனைப் பாடுவார். ஆனால் பங்கஜநாபன், சரசிஜநாபன் என்று தாமரைக்கு எத்தனை சொல் உண்டோ அத்தனையும் வரும். அதை விடுவிக்கக் கொஞ்சம் சொல்வளம் வேண்டும். 'ராமதாசன்' என்று வந்தால் பாட்டு எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழாக இருந்தால் பாபநாசம் சிவன். தெலுங்காக இருந்தால் பத்ராசலம் ராமதாசர் பக்கம் திரும்புங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த புதிருக்கு வருகிறேன். பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் கச்சேரி தொடங்கத் தாமதமாகும்போது, பின்வரிசையில் நாங்கள் சிலர் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் வரியைச் சொல்வார். மற்றவர்கள் இயற்றியவரையும் இராகத்தையும் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, சாட்சியும் காட்ட வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் புள்ளி கிடையாது. அப்படி ஒரு நாள் 'தியாகராஜ யோக வைபவம்' என்ற வரியைப் போட்டேன். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் உண்டு. நான் முடிப்பதற்குள் அவர் "தியாகராஜர்!" என்றார். இல்லை என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெயரே பாட்டில் இருக்கிறது தம்பி, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்றார்.

புதிரின் கண்ணி அங்கேதான் இருக்கிறது. திருவாரூர்க் கோவிலில் இருக்கும் பெருமானின் பெயரும் தியாகராஜர்தான். அந்தத் திருவாரூரில்தான் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் என்ற சங்கீத மும்மூர்த்திகள் மூவருமே பிறந்தார்கள். ஆகவே பாட்டில் தியாகராஜர் என்று வந்தால் அது பாடியவரா, பாடப்பட்டவரா என்று முதலில் பார்க்க வேண்டும். இதை மறுபடியும் சொல்கிறேன்: பாடியவரா, பாடப்பட்டவரா?

அடுத்த வரிகளை மெதுவாகச் சொல்கிறேன், கேளுங்கள். தியாகராஜ யோக வைபவம். அகராஜ யோக வைபவம். ராஜயோக வைபவம். யோக வைபவம். வைபவம். பவம். வம். முன்னாலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கழன்று விழுகிறது, ஆனாலும் மிஞ்சுவது ஒவ்வொன்றும் பொருளோடு நிற்கிறது. அகராஜன் என்றால் மலையரசன். பசுவின் வால் நுனிக்குப் போகப் போக மெலிவதால் இந்த அமைப்புக்குக் கோபுச்ச யதி என்று பெயர். பாட்டின் பிற்பகுதியான சரணத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறார். சம், பிரகாசம், ஸ்வரூபப் பிரகாசம், தத்துவ ஸ்வரூபப் பிரகாசம் என்று நீண்டுகொண்டே போகும். அது ஸ்ரோதோவஹ யதி, அதாவது ஆற்றின் போக்கு. வெருகல் பக்கத்து நேயர்களுக்கு, ஆறு கடலை நெருங்க நெருங்க எப்படி அகலும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாட்சி எங்கே என்கிறீர்களா? அந்தச் சரணத்திலேயே 'ஸ்ரீ குருகுஹ குரும் சச்சிதானந்த பைரவீசம்' என்று ஒரு வரி வருகிறது. குருகுஹ வந்துவிட்டது, ஆகவே தீட்சிதர். இராகம்? 'சச்சிதானந்த பைரவீசம்' என்பதை இன்னொரு தடவை காதில் போட்டுப் பாருங்கள். சத், சித் இரண்டையும் தள்ளிவிட்டால் ஆனந்த, பைரவி. ஆனந்தபைரவி! இறைவனைப் போற்றுகிற சொல்லுக்குள் இராகத்தின் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார். எங்கள் தபாலதிபர் எழுந்து நின்று, கோபத்தையெல்லாம் மறந்து, தீட்சிதருக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்கும் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த 'வாதாபி கணபதிம்' கூட அப்படித்தான். கடைசி வரியில் குருகுஹவும் ஹம்ஸத்வனியும் அருகருகே நிற்கும். இன்று மாலை பிள்ளைகளைப் பாடச் சொல்லிப் பாருங்கள்.

இதெல்லாம் தஞ்சாவூர்ச் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். திருகோணமலையைச் சம்பந்தர் பாடிய நம்முடைய கோணமாமலைப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே அதன் கடைசிப் பாட்டில் 'ஞானசம்பந்தன்' என்று கையெழுத்து விழுந்திருக்கிறது. சம்பந்தர் பதிகங்களில் இன்னொரு ஒழுங்கும் உண்டு. பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். ஒன்பதாவது, திருமாலும் பிரமனும் தேடிக் காணாத கதை. பத்தாவதில் சமணர், பௌத்தர். ஆகவே ஒரு பாட்டைத் தனியாகக் கொடுத்து, இது எத்தனையாவது என்று கேட்கலாம். 'எடுத்தவன் தருக்கை இழித்தவர் விரலால்' என்ற அடியைக் கேட்டேன். இராவணன் பெயரே அதில் இல்லை. ஆனால் சுவாமி மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, எடுத்தவன் யார், எதை எடுத்தான் என்று விளக்கவா வேண்டும்? எட்டு என்று உடனே சொல்லிவிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் விரலைக் காட்டத் தொடங்கிவிட்டார். எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறைக்கு வைத்திருந்த நேரத்தைத் தபாலதிபர் தின்றுவிட்டார். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 72 மேளகர்த்தா இராகங்களில், அதாவது தாய் இராகங்களில், எந்தப் பெயரைச் சொன்னாலும், அதன் முதல் இரண்டு எழுத்தில் மேளத்தின் எண் இருக்கிறது. எழுத்துகளுக்கு வடமொழி வரிசைப்படி எண் கொடுத்து, வரும் எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளையில் ப வரிசையில் மா ஐந்து, ய வரிசையில் யா ஒன்று. 51 வருகிறது, திருப்பினால் 15. பிள்ளைகள் முதல் பாடமான சரளிவரிசையைப் படிக்கிற அதே பதினைந்தாவது மேளம். தமிழில் ஒரே க, ஒரே த இருப்பதால் சில பெயர்களில் தடுமாறுவீர்கள், அதற்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும்.

இப்போதைக்குத் தடுமாற்றம் இல்லாத ஒன்றைத் தருகிறேன். ய, ர, ல, வ, அடுத்து மூன்று சகரங்கள், எட்டாவதாக ஹ. ஒன்றிலிருந்து எட்டு வரை விரல்விட்டு எண்ணுங்கள். ஹரிகாம்போதி எத்தனையாவது மேளம்? விடையோடு சாட்சியையும் எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.